சென்சாரை மாற்றாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நார்த்டேலில் மாமா கடை ஃப்ரிட்ஜில் நீ மாட்டிக் கொடுத்த வெப்பநிலை டிஸ்ப்ளே தாறுமாறாகக் காட்டுகிறது, சென்சாரை மாற்றப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். மாற்றாதே. புரோகிராமைப் பார்த்தேன். வெப்பநிலை சென்சார் டிஎஸ்18பி20 ஒழுங்காகத்தான் அளக்கிறது. எண்ணை எழுதும் இடத்தில்தான் கோளாறு.

4.0, அடுத்து 4.6, அப்புறம் 4.12, 4.18 என்று வருகிறது என்றாயே, அதிலேயே விடை இருக்கிறது. எந்த ஃப்ரிட்ஜும் இப்படிக் குதிக்காது. இந்தச் சென்சார் 12 பிட்டில் ஒரு டிகிரியை 16 படியாகப் பிரிக்கிறது. ஒரு படி 0.0625. ஆக 4-க்கு அடுத்தது 4.06. நீ அதை 406 ஆக்கி, 100-ஆல் வகுத்து, ஈவுக்கும் மீதிக்கும் நடுவில் ஒரு புள்ளி வைக்கிறாய். மீதி வெறும் 6. அதற்கு முன்னால் வர வேண்டிய பூஜ்யத்தை யாரும் போடவில்லை, 4.6 ஆகிவிட்டது. மீதியை எப்போதும் பூஜ்யம் நிரப்பி இரண்டு இலக்கமாக எழுத வை.

சென்சாரைக் கையில் பிடித்தால் ‘-20.-46’ காட்டுவது வேறு வியாதி. உன் போர்டான ஆர்டுயினோ ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 2 பைட்தான், 32,767-க்கு மேல் கொள்ளாது. 20.5 டிகிரியில் சென்சார் தருவது படிகளின் எண்ணிக்கை, 20.5 × 16 = 328. அதை 100-ஆல் பெருக்கினால் 32,800. நிரம்பி வழிந்து மைனஸ் பக்கம் போய்விடுகிறது. ஃப்ரிட்ஜ் ஓடும்வரை இது தெரியாது. நம் தென்னாப்பிரிக்காவின் டிசம்பர் வெயிலில் நாள் முழுக்க கரன்ட் போனால் தெரியும், மாமா உன்னைத்தான் கூப்பிடுவார். இன்ட்டைவிடப் பெரிய எண் கொள்ளும் லாங் வகை ஆக்கிவிட்டுப் பெருக்கு.

பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் தொல்லைதான்: -0.5 என்பது ‘0.-50’ ஆகும். குறியைத் தனியாக முதலில் எழுதிவிட்டு, மற்றதை மைனஸ் இல்லாமல் எழுது.

ஃப்ளோட்டை (தசம எண் வகை) ஸ்பிரின்ட்எஃப்பில் (எண்ணை எழுத்தாக்கும் கட்டளை) கொடுத்தால் கேள்விக்குறி வருகிறது என்று எரிச்சல்பட்டிருந்தாய். மெமரியை மிச்சம் பிடிக்க, ஃப்ளோட்டை எழுதும் பகுதியை ஊனோவின் சிப்புக்கான ஏவிஆர் லைப்ரரி வழக்கமாகச் சேர்ப்பதில்லை. எல்சிடியின் பிரின்ட்டுக்கு ஃப்ளோட்டையும் கூடவே 2-ஐயும் கொடுத்தால் இரண்டு தசமத்தோடு எழுதிவிடும். நானாக இருந்தால் ஃப்ளோட்டுக்குப் போகாமல் முழு எண்ணிலேயே கணக்குப் போடுவேன்.

மாமா கேட்கிறபடி 4,06 என்று கமாவே போட்டுக் கொடு, இந்த நாட்டு அரசு முறையும் அதுதான். வெப்பநிலைப் பதிவு ஃபைலில் மட்டும் மதிப்புகளை அரைப்புள்ளியால் (;) பிரி. இல்லாவிட்டால் எக்ஸெல் 4-ஐயும் 06-ஐயும் தனித்தனிக் கட்டத்தில் போட்டுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், சென்சார் தரும் எண்ணை அப்படியே சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் ஜன்னல்) பார். 64, 65, 66 என்று வரிசையாக வந்தால் சென்சார் நல்லதுதான். சாட்ஸ்வொர்த் பக்கம் வரும்போது போர்டையும் எடுத்து வா.

அன்புடன்,
அண்ணன்