சங்கிலி மாட்டாமல் கையை எடுக்காதே

அன்பான எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் கல்லூரி நாடகம் இரண்டு நாள் நடந்து முடிந்தது. பார்க்க வந்தவர்கள் நடித்தவர்களைத் தேடிப்போய்ப் பாராட்டினார்கள், அந்தப் பாராட்டு முழுக்க அவர்களுக்கு உரியதுதான். ஆனால் நோட்டீஸ் ஒரே ஒரு பக்கம் அடிக்கத்தான் காசு இருந்தது, அதனால் மேடைக்குப் பின்னால் நின்ற நீங்கள் அத்தனை பேரும் "மற்றும் நண்பர்கள்" என்ற இரண்டே சொல்லில் அடங்கிப் போனீர்கள். அந்த வரியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பெயரைப் போடாதே என்று உங்களில் பலர் சொல்லிவிட்டதால், எப்போதும் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே இங்கேயும் கூப்பிட்டு எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், மூன்று வருடத்துக் கணக்கு இது.

மேடை அக்கா, உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மதுரைக்கு இயற்பியல் படிக்க வந்தவள் நான், நாடகத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலாமாண்டில் ஒரு சாயங்காலம் அரங்கத்து வாசலில் போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு "இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி" என்றீர்கள். அன்று இரவு எட்டரை வரை பிடித்தேன், மறுநாள் நானாகவே வந்தேன். நாடகப் பிரதியின் ஒவ்வொரு தாளையும் பெரிய நோட்டில் ஒரு பக்கம் ஒட்டி எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுவது, எந்த வசனத்தின் எந்தச் சொல்லில் விளக்கு மாறும், எங்கே சத்தம் வரும், யார் எந்த விங்கிலிருந்து (மேடையின் பக்க மறைவிலிருந்து) நுழைவார் என்று அந்த வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் குறிப்பது, எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்தது. நான் ஒரு பக்கத்தைப் பேனாவால் எழுதியதற்கு முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வைத்தீர்கள். ஒத்திகையில் தினமும் மாறும், அழித்து எழுத முடியாத நோட்டை நம்பி நாடகத்தன்று உட்கார முடியாது என்றீர்கள். அப்புறம் அந்த "கோ". ஸ்டாண்ட்பை என்றால் விரல் பட்டன்மேல் இருக்க வேண்டும், கோ என்றால் அழுத்த வேண்டும், நாடகம் ஓடும்போது வாக்கிடாக்கியில் வேறு எதற்காகவும் அந்தச் சொல் வாயில் வரவே கூடாது. இந்த வருடம், எல்லோருக்கும் குறிப்புக் கொடுக்கிற உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மொத்தம் அறுபத்தெட்டு குறிப்பு, இரண்டு நாளும் ஒன்றுகூடத் தவறவில்லை. நீங்கள் சென்னையில் வேலையில் இருப்பதால் வர முடியவில்லை, அதனால்தான் எண்ணிக்கையோடு சொல்கிறேன்.

லைட் அண்ணன். திருவிழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் விளக்கு வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து சாமானோடு எங்கள் அரங்கத்துக்கு வருவீர்கள், சாமானை இறக்கிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் போகவில்லை. முதல் வருடம் ஒத்திகையின்போது ஒரே பிளக்கில் நான்கு பார் கேனை (உருளை வடிவ மேடை விளக்கை) நான் மாட்டினேன், விளக்கைப் போட்டதும் டிரிப்பாகி மேடை முழுக்க இருட்டு. நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள்: ஆயிரம் வாட் விளக்கு, 230 வோல்ட், ஒன்று நாலரை ஆம்பியருக்குக் கிட்டே இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கில் மூன்று வரை போடலாம், நாலாவது போட்டால் பதினேழைத் தாண்டிவிடும். இதே வாய்ப்பாட்டைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான், ஆனால் அது ஒயரில் ஓடுகிற சமாச்சாரம் என்று எனக்கு உறைத்தது அந்தச் சாக்பீஸ் கணக்கில்தான்.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். ஹாலஜன் பல்பை வெறும் கையால் தொடாதே, விரல் எண்ணெய் ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும், துணியால் பிடி. விளக்கின் முன் வைக்கிற நிறத்தாளில் அடர்நீல ஜெலட்டின் பேப்பர் மற்ற நிறங்களைவிட வேகமாகக் கருகும், கூடுதலாக வெட்டி வைத்துக்கொள். இரவுக் காட்சி என்றதும் நான் முகத்துக்கு நேராக நீலத்தை அடித்தபோது, "நம்ம ஊரு முகம் சாம்பல் பூத்துப் போகும்மா" என்று சொல்லி நீலத்தைப் பின்னாலிருந்தும் மெல்லிய ஆம்பரை (தேன் மஞ்சளை) முன்னாலிருந்தும் கொடுத்துக் காட்டினீர்கள். அந்த நிமிடம் என் தோழியின் கறுத்த முகம் நிலா வெளிச்சத்தில் நிற்கிற மாதிரி ஒளிர்ந்தது, என்னால் இன்னும் அதை மறக்க முடியவில்லை. முன்விளக்கை நடிகருக்கு இரண்டு பக்கமும் நாற்பத்தைந்து டிகிரியில் வைத்து, ஒரு பக்கம் சூடான நிறம், மறுபக்கம் குளிர்ந்த நிறம் கொடுப்பீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் என்பவர் 1932இல் எழுதி வெளியிட்ட முறை அது என்று பேராசிரியர் ஒருவர் பிறகு சொன்னார். நான் அதை உங்களிடம் சொன்னபோது, "முகம் தட்டையா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே" என்றீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சங்கிலி. ஏணியில் ஏறி விளக்கைப் பைப்பில் மாட்டினால், கொக்கியை இறுக்கி, பாதுகாப்புச் சங்கிலியைச் சுற்றி மாட்டிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். "சங்கிலி மாட்டாம கைய எடுக்காத" என்று கீழே நின்று ஒவ்வொரு விளக்குக்கும் சொல்வீர்கள், இருபது விளக்கு என்றால் இருபது தடவை. இரண்டாம் வருடம் நான் மாட்டிய ஒரு விளக்கின் கொக்கியை நான் சரியாக இறுக்கவில்லை. ஒத்திகை இடைவேளையில் அது நழுவி, சங்கிலியில் தொங்கி ஆடியது. கீழே நாற்காலி, அதில் ஒரு நிமிடம் முன்பு வரை ஒரு தம்பி உட்கார்ந்து வசனம் படித்துக்கொண்டிருந்தான். அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நான் ஏணிப் பக்கமே போகாமல் நின்றபோது நீங்கள் ஸ்பேனரை என் கையில் கொடுத்து, இருக்கிற எல்லா விளக்கையும் நானே ஒவ்வொன்றாகச் சோதிக்கும்படி சொல்லிவிட்டுக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டீர்கள். அண்ணே, அதற்கு நன்றி சொல்ல எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

சீன் தாத்தாவுக்கு. ஊர் ஊராக நடக்கிற ஸ்பெஷல் நாடகங்களுக்கு வர்ணப் படுதா வாடகைக்குக் கொடுத்து வாழ்ந்த மனிதர் நீங்கள். தெரு சீன், காட்டு சீன், தர்பார் சீன் என்று மூங்கிலில் சுருட்டிய துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த அந்த நாடகங்கள் எப்படி நடக்கும் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் எங்கள் ஒத்திகை முறையே மாறியது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், ராத்திரி மேடையில்தான் எல்லோரும் சந்திப்பார்கள், ஒத்திகை கிடையாது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை போகும். அப்படியானால் படுதா இழுக்கிறவருக்கு எப்போது மாற்றுவது என்று யார் சொல்வார்கள் என்று கேட்டேன். "பாட்டு சொல்லும்" என்றீர்கள். எந்த அடியில் பாட்டு முடியும் என்று காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் குறிப்பு. அன்றிலிருந்து விளக்குப் பையன், சவுண்டு பெண், திரை இழுப்பவர் எல்லோரும் முழுப் பிரதியையும் படித்துவிட்டு வர வேண்டும் என்று விதி போட்டோம்.

படுதாவை மடித்தால் வர்ணம் மடிப்பில் வெடிக்கும், சுருட்டத்தான் வேண்டும், இரண்டு பக்கக் கயிற்றையும் ஒரே வேகத்தில் இழுக்காவிட்டால் மூங்கில் சாய்ந்து துணி கிழியும், இதையெல்லாம் இரண்டு மணி நேரம் நின்று பழக்கினீர்கள். டிம்மர் இல்லாத காலத்தில் பானையில் உப்புத் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு தகட்டை ஏற்றி இறக்கி விளக்கை மங்க வைத்த கதையையும் சொன்னீர்கள். இயற்பியல் படிக்கிற எனக்கு அது புல்லரித்தது, தகடு விலக விலக மின்தடை கூடுகிறது, தண்ணீர் சூடாகிக்கொண்டே இருக்கிறது, தொட்டால் உயிர் போகும் (படிக்கிற தம்பி தங்கைகள் தயவுசெய்து செய்து பார்க்காதீர்கள்). இன்றைக்கு நான் விளக்கை மங்கவைக்கிற ஒரு ஃபேடரை விரலால் மெல்ல இறக்கும்போதெல்லாம் அந்தப் பானை ஞாபகம் வருகிறது. இரண்டாம் நாளுக்கு நீங்கள் வாடகை வாங்கவே இல்லை.

எங்கள் நாடகம் ஒரு நெசவாளர் வீட்டில் நடக்கிறது, குழித்தறி (நெய்பவர் கால் வைக்கத் தரையில் குழி உள்ள தறி) வேண்டும், ஆனால் மேடையைத் தோண்ட முடியாது. தச்சர் மாமா, தறியைச் சுற்றித் தரையை ஒன்றரை அடி உயர்த்திவிட்டால் நடுவில் தானாகவே குழி வந்துவிடும் என்று ஒரு பீடியை முடிப்பதற்குள் தீர்த்துவைத்தவர் நீங்கள். ரீப்பர் சட்டம் அடித்து, காடாத் துணி இழுத்துக் கட்டி, பசை பூசிக் காயவைத்துச் சுவராக்கியதும், பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வைக்காத சுவரை மேடையில் நிற்க விடாததும் நீங்கள்தான்.

செல்லூர்ப் பாட்டி, நாடகத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே நெய்யும் காட்சிக்காக உங்கள் வீட்டுத் தறியின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனோம், எடிட் செய்து திரும்ப வந்து உங்களுக்குப் போட்டுக் காட்டினோம். கேட்டதும் "இது அவசரத்துல நெய்யிற சத்தமாச்சே, இந்தப் பொண்ணு அழுதுக்கிட்டுல்ல நெய்யிறா" என்றீர்கள். நாங்கள் ஐந்து பேர் அதைப் பத்து நாளாகக் கேட்டிருக்கிறோம், ஒருவர் காதிலும் அது விழவில்லை. திரும்பப் பதிவு செய்தோம், நீங்களே நாடாவை மெதுவாக ஓட்டிக் காட்டினீர்கள், நடுவில் ஒரு இடத்தில் நூல் அறுந்து நிறுத்தினீர்கள். அந்த நிறுத்தத்தை அப்படியே வைத்தோம். இரண்டு நாளும் அரங்கம் அந்த இடத்தில் மூச்சுவிடவில்லை.

அரங்கத்துக் காவலாளி ஐயாவுக்கு, எத்தனை மணியானாலும் எங்களை எண்ணிப் பார்த்த பிறகே கதவைப் பூட்டியதற்கு. எங்கள் துறைத்தலைவருக்கு, ஆய்வக ஏணியையும் மல்டிமீட்டரையும் கையெழுத்தில்லாமல் கொடுத்ததற்கு. அம்மாவுக்கு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறுப்புல கறுப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே மேடை இருட்டில் தெரியாமல் நிற்க எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் கறுப்புச் சட்டை தைத்துக் கொடுத்ததற்கு.

கடைசியாக ஒன்று. இரண்டாம் நாள் நாடகத்துக்கு அரை மணி முன்னால் வரிசையின் கடைசி எல்ஈடி விளக்குகள் தன்னால் மினுக்கத் தொடங்கின. கேபிளை மாற்றினோம், ஒவ்வொரு விளக்குக்கும் கொடுத்த முகவரி எண்ணைச் சரிபார்த்தோம், நிற்கவில்லை. லைட் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளக்கை எடுத்துக் கடைசி விளக்கில் செருகினார், மினுக்கல் நின்றது. உள்ளே 120 ஓம் மின்தடை ஒன்று பற்றவைத்திருந்தார், விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற டிஎம்எக்ஸ் சிக்னல் வரிசையின் முனையில் மோதித் திரும்பி வராமல் இருக்க அது போதும். இரவு ஒரு மணிக்கு எல்லாவற்றையும் இறக்கி வண்டியில் ஏற்றிய பிறகு, அந்தச் சின்ன பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

தாத்தா, உங்கள் மூங்கில் ஒன்று இங்கேயே தங்கிவிட்டது. சனிக்கிழமை காலையில் எடுத்து வருகிறேன், எல்லோருக்குமான போட்டோக்களும் அன்றைக்குக் கையில் இருக்கும்.