வேடியப்பன் கல்லும் புளியமரத்தடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரும்பின் தொன்மை பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-ல் அறிவிப்பு வந்தபோது எங்கள் பக்கம் டீக்கடை வரைக்கும் அதே பேச்சுதான், எனக்கும் பெருமைதான். ஆனால் பழமையை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பெண்கள் மேல் நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட கட்டுப்பாடுகளையும் சேர்த்துத் தூக்கிவருவது என்ன நியாயம்? சங்ககாலத்திலேயே தகடூர் (இன்றைய தருமபுரி) மன்னன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார், ஒரு பெண்.

அரூர் பக்கம் எங்கள் ஊரில் ஒரு நடுகல் (இறந்துபோன வீரனுக்கு நட்ட நினைவுக்கல்) இருக்கிறது, வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். கையில் வில், காலடியில் மாடு. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் அப்பி எழுத்தே தெரியாது. போன வருஷம் பொங்கல் வைத்தபோது, ஏழாவது படிக்கும் என் மகள் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபடி கிட்டே போனாள், பெண்பிள்ளை வரக்கூடாது என்று ஒரு பெரியவர் அதட்டிப் புளியமரத்தடிக்கு அனுப்பிவிட்டார். எப்போதிருந்து இந்த வழக்கம் என்றேன், அவருக்கும் தெரியவில்லை. (காலனிக்காரர்களுக்கு அந்த மரத்தடிகூடக் கிடையாது, அது தனிக்கதை.) தொல்லியல் துறை இப்படிப்பட்ட ஊர்களில் கல்வெட்டு வாசகத்தை இன்றைய தமிழில் பலகையாக வைக்கட்டும், அப்புறம் அந்தந்த ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை, ஆண் பெண் சாதி பார்க்காமல், கல்லுக்கு முன்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லட்டும். எங்கள் ஊரிலிருந்து தொடங்கினாலும் சரி, பிசுக்கைத் துடைக்க நானும் மகளும் வருகிறோம்.

— ஒரு வாசகர், அரூர், தருமபுரி மாவட்டம்