வரி முடிவில் உடையும் சொற்களை யார் சேர்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் ஓசிஆர் மென்பொருளில் கொடுத்து, எழுத்தாக மாற்றி இணையத்தில் ஏற்றும் வேலை இப்போது வேகமாக நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அப்படி ஏற்றிய பல நூல்களைத் திறந்தால் சொற்கள் இரண்டு துண்டாகக் கிடக்கின்றன. அச்சுக் கோக்கும்போது இடம் போதாமல் ஒரு சொல்லை உடைத்து மீதியை அடுத்த வரியில் போட்டிருப்பார்கள், மென்பொருளோ வரி முடிந்தால் சொல்லும் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் உடைத்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு இருக்கும், அதைப் பார்த்துச் சேர்த்துவிடலாம். நம் பழைய பதிப்புகள் பலவற்றில் அந்தக் கோடே கிடையாது. 'வைகை' உடைந்தால் 'வை', 'கை' என்று ஆகிவிடும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் பேசாமல் விட்டுவிடும். அப்புறம் வைகை என்று தேடுகிறவருக்கு அந்த இடம் கிடைக்கவே கிடைக்காது. 'திருப்பரங்', 'குன்றம்' என்று பிரிந்தாலும் இதே கதிதான். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற மாணவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வருத்தமாக இருக்கிறது, அவர்கள் காதில் விழுவது இந்தத் துண்டுகள்தான்.

இதில் ஒரு பகுதியை நம் இலக்கணமே காட்டிக்கொடுக்கும். ண, ழ, ள, ற, ன வரிசையில் தமிழ்ச் சொல் தொடங்காது. அதனால் ஒரு வரி 'கள்' என்று முடிந்து அடுத்த வரி 'ளழகர்' என்று தொடங்கினால், அது கள்ளழகர் என்று ஒரு சின்ன நிரலே சொல்லிவிடும். சிக்கல் வல்லின மெய்யில்தான். 'அப்' என்று முடிந்து 'பா' என்று தொடங்கினால் சேர்க்க வேண்டும், 'கோயிலுக்குப்' என்று முடிந்து 'போனார்' என்று தொடங்கினால் சேர்க்கக் கூடாது. இரண்டிலும் வரி முடிவில் நிற்பது அதே 'ப்'. கண்ணை மூடிக்கொண்டு எல்லா வரிகளையும் ஒட்டினால் இன்னொரு குப்பைதான் சேரும். தமிழ் தெரிந்த ஒருவர் அசல் பக்கத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' என்ற இணைய நூலக முயற்சியில் தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களைக் கையால் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, அதாவது அசலோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தி, ஏற்றினார்கள். மனிதர் வாசித்துத் தட்டச்சு செய்யும்போது உடைந்த சொல் தானாகச் சேர்ந்துவிடும். அந்த அக்கறை மென்பொருள் வந்த பிறகு ஏன் குறைய வேண்டும்?

1901-ல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவிய ஊர் எங்கள் மதுரை. 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்துவிட்டது. இங்குள்ள கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்களைப் பகுதிநேரமாக இந்த வேலைக்கு எடுக்கலாம், ஆனால் தமிழ்த்தொண்டு என்று சொல்லி இலவசமாக வாங்கக் கூடாது, பக்கக் கணக்கில் கூலி கொடுக்க வேண்டும். மின்னாக்கத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே மெய்ப்புக்கும் தனியாக ஒதுக்கிவிடட்டும். அதுவரை, திருத்தாத நூல்களின் முதல் பக்கத்தில் 'மெய்ப்புப் பார்க்கப்படவில்லை' என்று பெரிதாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.