மலைவீட்டு அனுமதியில் தீப்பொறியையும் கணக்கில் எடுங்கள்

தமிழ்நாடு நகர் ஊரமைப்பு இயக்குநர் அவர்களுக்கும், மலைப்பகுதிக் கட்டட அனுமதிகளைப் பரிசீலிக்கும் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) குழுவினருக்கும்,

வணக்கம்.

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் காட்டை ஒட்டிய சரிவுகளில் வீடுகளும் காட்டேஜ்களும் எழும்பியபடி இருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் எரிந்த காட்டை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டரே தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த தீ ஒரு குடியிருப்பை எட்டுவதற்குள், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் காட்டுத்தீக்கெனத் தனிப் பிரிவு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

காட்டிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளிக் கட்டு என்பதோடு அந்தப் பிரிவு நின்றுவிடக் கூடாது. காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் பற்றுவது காற்றில் வந்து விழும் தீப்பொறியால்தான். தைல மரத்தின் உரிந்த பட்டை எரிந்துகொண்டே வெகுதூரம் பறக்கும். அது போய் உட்கார ஓர் இடுக்கு கிடைத்தால் போதும்.

மங்களூர் ஓடு வேய்ந்த பழைய கூரையில் இறவாணத்து (கூரையின் கீழ் விளிம்பு) ஓடு ஒன்றைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் மரப்பட்டிமேல் பைன் ஊசி, ஒட்டடை, அணில் கூட்டின் நார் எல்லாம் கைநிறைய வரும். பொறி நுழைவது ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில். பற்றுவது அந்தக் குப்பை. கீழே இருப்பவர்களுக்குப் புகை தெரியும்போது கூரைச் சட்டமே எரிந்துகொண்டிருக்கும். ஆகவே இறவாணத்து ஓட்டு வாய்களைச் சாந்து வைத்து அடைக்க வேண்டும். ரீப்பருக்குக் கீழே 8 மி.மீ. ஃபைபர் சிமென்ட் பலகை கொடுக்க வேண்டும். முகட்டுச் சாந்து வெயிலிலும் மழையிலும் விரிசல் விடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை பூச வேண்டும். தகரக் கூரையானால் அலைகளின் திறந்த முனைகளில் ராக்வுல் (தீப்பிடிக்காத கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) திணிக்க வேண்டும். இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் பள்ளத்தில்தான் சருகு அதிகம் சேரும். அங்கே தகட்டுப் பட்டை அகலமாக இருந்தால்தான் பெருக்கித் தள்ள முடியும். பி.வி.சி. மழைத்தண்ணீர்ப் பீலி சூட்டில் இளகி, எரியும் சருகோடு சுவரோரம் விழும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பீலியே போடச் சொல்லுங்கள்.

வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் துளை, கூரைக் காற்றுவழி எல்லாவற்றுக்கும் 2 மி.மீ.க்கு மேல் கண் இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை வேண்டும். ஆஸ்திரேலியத் தரநிலையும் இந்த 2 மி.மீ. அளவைத்தான் சொல்கிறது. நைலான் கொசுவலை உருகி வழிவிட்டுவிடும். காட்டைப் பார்த்த ஜன்னலில் சாதாரணக் கண்ணாடி சூட்டிலேயே விரிசல் விட்டு விழும், 5 மி.மீ. டஃபன்ட் (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடி அதைவிட நன்றாகத் தாங்கும்.

இவை வீண் செலவு என்பவர்களுக்குக் கலிஃபோர்னியாவைக் காட்டலாம். அங்கே காட்டோர வீடுகளுக்கான கட்டட விதி 2008-இல் நடைமுறைக்கு வந்தது. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊர் எரிந்தபோது, 2008-க்குப் பின் கட்டிய வீடுகளில் ஏறக்குறையப் பாதி சேதமின்றித் தப்பின. பழைய வீடுகளில் தப்பியவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

சுவரை ஒட்டி 1.5 மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் கூடாது; சரளையோ கல்தளமோ போதும். விறகு, பிளாஸ்டிக் நாற்காலி, தென்னைநார் மிதியடி எல்லாம் அதற்கு அப்பால் போக வேண்டும். சரிவில் தூணில் நிற்கும் மரத்தளங்களின் அடிப்பகுதியைச் சுவர் வைத்து மூடுங்கள்.

அதற்கு வெளியே உள்ள நிலத்தில்தான் நம் மலைக்கு வெளிநாட்டு விதியை அப்படியே கொண்டுவர முடியாது. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அதனால் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் 30 மீட்டருக்காவது புல்லையும் புதரையும் குறைத்துப் பராமரிக்க வேண்டும். ஆனால் மண்ணைச் சுரண்டி மொட்டையடித்தால் வடகிழக்குப் பருவமழையில் அது வீட்டோடு இறங்கிவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளை யாரும் மறந்திருக்க முடியாது. புல்லை 10 செ.மீ. உயரத்துக்கு அறுத்து வேரை விட்டுவிட வேண்டும். உண்ணிப் புதரை ஒரே மூச்சில் பெயர்க்காமல் பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் உடனே புல் பதிக்க வேண்டும். மரக்கிளைகளைத் தரையிலிருந்து 2 மீட்டர் வரை கழித்தால், தரைத்தீ எளிதில் உச்சிக்கு ஏறாது. ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்வதை விதியிலேயே தடுங்கள்.

தண்ணீருக்குத் தனித்தொட்டி கட்ட வேண்டியதில்லை. வீட்டுக் குழாயைத் தொட்டிச் சுவரில் மேலே எடுத்தால், அதற்குக் கீழே 10,000 லிட்டர் எப்போதும் மிஞ்சி நிற்கும். அடியில் தீயணைப்பு ஹோஸ் பொருந்தும் 63 மி.மீ. இணைப்பு வையுங்கள். தொட்டி கான்கிரீட்டாக இருக்கட்டும்; பிளாஸ்டிக் தொட்டி தேவைப்படும் நேரத்தில் உருகிவிடும். தரைமேல் ஓடும் பி.வி.சி. குழாயும் அப்படித்தான். அதை 30 செ.மீ. ஆழத்தில் புதைக்க வேண்டும். மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது. தொட்டி மேட்டில் இருந்தால் தண்ணீர் தானாக இறங்கும். பாதை 4 மீட்டர் அகலமும், முடிவில் தீயணைப்பு வண்டி திரும்ப இடமும் வேண்டும். திரும்ப முடியாத பாதைக்குள் வண்டியை விட எந்த நிலைய அலுவலரும் தயங்குவார்.

கடைசியாக ஒன்று. சிறிய குடியிருப்புகளுக்குக் கட்டட நிறைவுச் சான்றிலிருந்து இப்போது விலக்கு இருக்கிறது. காட்டோர வீடுகளில் பெரும்பாலானவை அந்த விலக்குக்குள் வந்துவிடும். அப்படியானால் வலையின் கண்ணையோ இறவாணத்துச் சாந்தையோ யாரும் ஏணி போட்டுப் பார்க்கப் போவதில்லை. வன எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டும் வீடுகளுக்கு இந்த விலக்கை நீக்குங்கள். ஏற்கெனவே உள்ள கட்டடங்களை ஹோம்ஸ்டே பதிவு புதுப்பிக்கும்போது, தீக்காலம் தொடங்குமுன் ஜனவரிக்குள் ஆய்வு செய்ய ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
மலைப்பகுதிக் கட்டடப் பொறியாளர்கள்