டோசைட் பழக்கிய கடற்கரைக்கு ஒரு நன்றி மடல்

முல்லைத்தீவுக் கடற்கரை உறவுகளுக்கு அன்பு வணக்கம்.

போன ஞாயிறு விடிய, நான் வேக்போர்டில் (போட் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) அலையைத் தாண்டித் திரும்பி இறங்கியபோது கரையில் நின்று கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு நான் என்ன செய்தேன் என்று தெரிந்திருக்காது. "பிள்ளை விழாமல் வந்திட்டுது" என்றார் ஒரு ஐயா. அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. அதனால் முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் நான் எதற்கு நன்றி சொல்கிறேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

வேக்போர்டில் இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, போட் இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி பக்கவாட்டாக நிற்க வேண்டும். எனக்கு இடது கால் முன்னால். போட் பின்னால் விடும் அலையை நோக்கிக் குதிக்காலில் சாய்ந்து வந்தால் அது ஹீல்சைட். கால்விரலில் ஊன்றி வந்தால் டோசைட். ஹீல்சைட் சுகம், போட்டைப் பார்த்துக்கொண்டே வரலாம். டோசைட்டில் முதுகு அரைவாசி போட்டின் பக்கம் இருக்கும். கயிறு முன் தோளைப் பிடித்து இழுக்கும். உடம்பு தன்பாட்டில் போட்டைப் பார்க்கத் திரும்பும். திரும்பினால் சரி, கதை முடிந்தது: பலகை தட்டையாகி, அலையின் உச்சியில் எழும்புவதற்குப் பிடிமானமே இல்லாமல் போய்விடும்.

நான் பழகியது டோசைட் ஃப்ரண்ட்சைட் வன் எய்ட்டி. விரலில் ஊன்றி வந்து, அலையின் உச்சியில் எழும்பி, நெஞ்சு போட்டைப் பார்க்க அரைச் சுற்றுச் சுற்றி, வலது கால் முன்னால் வர இறங்க வேண்டும். இறங்கும்போது பாரம் குதிக்காலுக்கு மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் விரல் பக்க விளிம்பு தண்ணீரில் மாட்டி முகம் அடிபட விழுவோம். அந்த அடியை வாங்கியவர்களுக்குத் தண்ணீர் மென்மையானது என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் நன்றி போட்டுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அண்ணாவுக்கு. இந்த விளையாட்டுக்கென்று கட்டுகிற போட்டுகளில் வேகத்தைத் தானே பிடித்து வைத்திருக்கும் கருவி உண்டு. எங்களுடையது மீன் பிடிக்கிற பைபர் போட், 40 குதிரைவலு இஞ்சின். கருவி எல்லாம் அண்ணாவின் வலது கைதான். மணிக்கு 30 கிலோமீற்றர் அளவில் போட் ஓட வேண்டும். நான் பலகை விளிம்பைத் தண்ணீரில் கடிக்க விட்டு அலையை நோக்கி வரும்போது என் பாரம் கயிற்றில் ஏறி போட்டைப் பின்னுக்கு இழுக்கும். அப்போது ஒரு துளி கூட்ட வேண்டும். நான் எழும்பிக் கயிறு தளர்ந்ததும் போட் முன்னால் பாயப் பார்க்கும், அதை விடவும் கூடாது. இதை நான் அண்ணாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வலை இழுக்கும்போது பாரம் ஏறி இறங்குவதைக் கையால் உணர்ந்து பழகிய மனுசன், ஒரு காலையிலேயே பிடித்துவிட்டார். நான் விழுந்தால் சுற்றி வந்து, கிட்ட வரும்போது இஞ்சினை முழுதாக நிற்பாட்டிவிடுவார். கியரைக் கழற்றினால் போதும் என்று வேறு இடங்களில் பழகியவர்கள் சொன்னார்கள். அண்ணா கேட்கவில்லை. "இஞ்சின் காத்தாடி சுத்தாட்டித்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 ஆவணியில், போட்டுகளுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியபோது, தொழிலுக்கே போக முடியாமல் போட்டுகளைக் கரையில் இழுத்து வைத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி பலகையில் குதிப்பதற்கு எண்ணெய் எரிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். என் பங்கைக் கொடுத்தேன்தான். ஆனால் அண்ணா ஒரு நாளும் கலனைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்ததில்லை.

அடுத்தது கனடா மச்சாள். ஒன்ராறியோ ஏரிகளில் பழகியவள். ஊருக்கு வந்தபோது பலகையைக் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனாள். அதைவிடப் பெரிய உபகாரம் கயிறு. இங்கே கடையில் எடுக்கிற நைலோன் கயிறு இழுபட்டுச் சுருங்கும். கையை விட்டால் கைப்பிடி தெறித்துப் போட்டில் இருப்பவரின் முகத்துக்கு வரும். இழுபடாத வேக்போர்ட் கயிற்றை அவள் அனுப்பிய பிறகுதான் எனக்கும் பயம் போனது, போட்டில் இருந்தவர்களுக்கும் போனது. இரவில் வீடியோக்களை மெதுவாக்கிப் பார்த்து அவள் சொன்ன ஒரு வசனத்தைத்தான் நான் கிழமைக் கணக்காகக் காதில் வைத்திருந்தேன்: "கைப்பிடியை முன் இடுப்போட ஒட்டி வையடி, கை நீண்டால் தோள் திறந்திடும்." கால் பிழை என்று நினைத்துக் காலையே திருத்திக்கொண்டிருந்தேன். பிழை கையில் இருந்தது.

முள்ளியவளை வெல்டிங் கடை அண்ணாவுக்கு. கயிற்றைப் போட்டின் அடியில் கட்டினால் அது ஆளைக் கீழேதான் இழுக்கும், இஞ்சினிலும் சிக்கும். உயரத்தில் கட்டினால் எழும்பும்போது கூடக் கொஞ்சம் தூக்கிவிடும். போனில் காட்டிய ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் செய்து தந்தார். செய்து முடித்ததும் தானே அதில் தொங்கிப் பார்த்தார். பிறகு கடைப் பெடியனையும் தொங்கவிட்டார். அதற்குப் பிறகுதான் காசு வாங்கினார்.

அலை போதாது என்பது அடுத்த பிரச்சினை. பைபர் போட் பாரமில்லாதது, கீறல் போல ஒரு அலைதான் விடும். பெரிய போட்டுகளில் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிப் பாரம் ஏற்றுவார்கள். நாங்கள் மீன் ஐஸ் பெட்டிகளில் கடல் தண்ணீரை நிரப்பினோம். மிச்சப் பாரத்துக்குச் சம்மாட்டி அண்ணாவின் பெறாமக்கள் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி, ஏனென்றால் ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும். பெருவிரலை மேலே காட்டினால் வேகம் கூட்டு, கீழே காட்டினால் குறை. சின்னவன் கொஞ்ச நாளில் என் முகத்தைப் பார்த்தே சொல்லத் தொடங்கிவிட்டான். அவனுக்கு ஒரு ஐஸ்கிரீம் கடன் இருக்கிறது, மறக்கவில்லை.

"ஏன் கடலில்? குளத்தில் பழகலாமே?" என்று கேட்டவர்கள் நிறைய. இரணைமடு, முத்தையன்கட்டு எல்லாம் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற குளங்கள். வன்னிக் குளங்களில் தண்ணீருக்குக் கீழே பட்ட மரங்கள் நிற்கும், முதலையும் இருக்கும். நந்திக்கடல் ஆழம் குறைந்தது, இறால் தொழில் நடக்கிற இடம், 2017இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் அறிவித்தார்கள். இதெல்லாம் காரணங்கள்தான். ஆனால் இவை ஒன்றுமே இல்லாவிட்டாலும் போர் அந்தக் கரையில் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு நந்திக்கடல் தண்ணீரில் விளையாட என்னால் முடியாது. அதை வேறு யாருக்கும் சட்டமாகச் சொல்லவில்லை. எனக்கு முடியாது, அவ்வளவுதான்.

கடல் மட்டும் என்ன, 2004 மார்கழி 26 சுனாமியை மறந்த வீடு இந்தக் கரையில் உண்டா? அதனால்தான் என் பெரியம்மாவுக்கு இங்கே தனியாக நன்றி சொல்கிறேன். அன்றிலிருந்து அவ கடற்கரைக்கு வந்ததில்லை. "போகாதே" என்று சொல்ல அவவுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: தண்ணீரை விட்டு ஏறினதும் ஒரு மிஸ்கோல். உடுப்பு மாற்ற முதல், தேத்தண்ணி குடிக்க முதல், மிஸ்கோல். ஒரு நாள் போனில் சார்ஜ் இல்லை, கருவாடு காயப்போடுகிற அக்கா ஒருவர் தன்னுடைய போனிலிருந்து அடித்துவிட்டார். அந்த அக்காவுக்கும் நன்றி.

கரைவலைக்காரருக்கு நான் பட்ட கடன் கொஞ்சமில்லை. எந்தப் பாட்டில் (வலை வளைக்கிற இடத்தில்) எத்தனை மணிக்கு வலை வளைக்கிறார்கள் என்று முதல் நாள் பின்னேரமே சொல்லிவிடுவார்கள். இரவுத் தொழிலுக்குப் போன போட்டுகள் வந்து மீன் இறக்கி முடிந்து, காற்று எழும்ப முதல் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு. சித்திரையில் கடல் தட்டையாகக் கிடக்கும் நாட்களில் ஒரு வலையைக் கொஞ்சம் பிந்தி வளைக்க ஒத்துக்கொண்டதும் உண்டு. கேட்டது நான் இல்லை, அவர்களாகவே செய்தது.

நீள் கைச் சட்டையும் முழுக்கால் உடுப்பும் அளவாகத் தைத்துத் தந்த தையல் அக்கா, சுளுக்கிய கணுக்காலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டிவிட்ட பரியாரி ஐயா, உங்களுக்கும் நன்றி. "பொம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையா" என்று கதைத்தவர்களுக்கு நன்றி சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் மனம் பெருக்கவில்லை.

பலகையும் கயிறும் சம்மாட்டி அண்ணாவின் வாடிக் கொட்டிலில் இருக்கின்றன. பழக விருப்பமான பிள்ளைகள் ஞாயிறு விடிய வரலாம், வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் கிழமை தவிர. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், உயிர்காப்பு அங்கி போடாமல் யாரையும் அண்ணா ஏற்றமாட்டார். மண்ணெண்ணெய்க்குப் பங்கு கொண்டு வாருங்கள். முதலில் ஹீல்சைட்தான் பழக்குவேன், டோசைட் கேட்டு அழக் கூடாது.

நன்றியுடன்,
உங்கள் பலகைக்காரப் பிள்ளை,
முல்லைத்தீவு