ஏக்கின்ஸ் என்ற ஆசிரியர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸ் (1844–1916) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்கள் முன் அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் கிராஸைக் காட்டும் அவருடைய 'கிராஸ் கிளினிக்' ஓவியத்தை நன்றாக அச்சிட்டிருந்தீர்கள். டாக்டர் கிராஸின் விரல்களில் இருக்கும் ரத்தமும், பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு துடிக்கும் பெண்ணும் தெளிவாகத் தெரிந்தார்கள். அந்த ரத்தத்துக்காகத்தான் 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அதைக் கலைக்கூடத்தில் வைக்காமல், ராணுவ மருத்துவமனைப் பிரிவில் கொண்டுபோய் மாட்டினார்கள். இதையெல்லாம் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், ஏக்கின்ஸ் பாடம் நடத்திய காலத்தை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டார். ஓவியம் கற்றுக்கொடுத்தே பிழைத்த எனக்கு அது உறுத்தியது.

அதே 1876-இல்தான் அவர் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். 1882-இல் பள்ளிப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. பழைய சிலைகளின் பிளாஸ்டர் நகல்களைப் பார்த்துப் பார்த்துக் கரியால் வரைவதுதான் அன்றைய கலைப்பள்ளிகளின் பாலபாடம். ஏக்கின்ஸ் அதைக் குறைத்து, சீக்கிரமே தூரிகையைக் கையில் கொடுத்துவிட்டார். உயிருள்ள உடம்பைப் பார், வண்ணத்திலேயே உருவத்தைக் கட்டு என்பதுதான் அவர் வழி. அவரே மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு படித்தவர். மாணவர்களையும் பிணம் அறுத்துத் தசைகளைப் பார்க்க வைத்தார்; பெண்களுக்கும் விலக்கு இல்லை. வகுப்புக்குள் நிஜப் பசுவையே நிறுத்தி மாணவிகள் களிமண்ணில் உருவம் செய்யும் புகைப்படம் ஒன்று உண்டு. நீளப் பாவாடையும் பசுவுமாக, பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அப்புறம், மனிதர், விலங்குகளின் அசைவுகளைக் கட்டம் கட்டமாகப் படம்பிடித்த புகைப்படக்காரர் மைபிரிட்ஜுடன் 1884-இல் சேர்ந்து வேலை செய்து, கேமராவையும் பாடத்துக்குள் கொண்டுவந்தார்.

1886-இல் மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை அவிழ்த்துவிட்டார் என்று பிரச்சினை எழுந்து, பதவி விலக வேண்டியதாயிற்று. உங்கள் கட்டுரை இதைத் தியாகக் கதை போலச் சொல்கிறது. எனக்கு முழு உடன்பாடு இல்லை. கழக நிர்வாகம் குறுகிய புத்தியோடு நடந்தது, சரி. ஆனால் அவருடைய மாணவர்களிலேயே ஒரு சாரார் புகார் சொன்னார்கள். மாணவர்களையே மாடலாக நிற்கச் சொல்வதும் அவர் வழக்கம். ஆசிரியர் கேட்டால் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. 1895-இல் டிரெக்ஸல் கல்வி நிலையத்திலும் இதே காரணத்துக்காக வேலை போனது. பிடிவாதக்காரர். ஆனாலும் 1886-இல் ஒரு கூட்டம் மாணவர்கள் அவர் பின்னாலேயே வெளியேறி, தனியாகச் சங்கம் அமைத்து அவரிடமே படித்தார்கள்.

இன்னொன்று. 1879-இல் அந்தக் கழகத்தில் சேர்ந்து ஏக்கின்ஸிடம் படித்த ஹென்றி ஒசாவா டானரின் பெயரே கட்டுரையில் இல்லை. நிறவெறிக்கு நடுவே படித்து, 1891-இல் பாரிஸ் போய் உலகப் புகழ் பெற்ற கறுப்பின ஓவியர் அவர். பிற்காலத்தில் ஏக்கின்ஸ் அவருடைய உருவப்படத்தையும் தீட்டியிருக்கிறார். டானரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். அந்த உருவப்படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

— ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்