செல்விக்கு, பேப்பர் போடுவதற்கு முன்

அன்புள்ள செல்வி,

போன சனிக்கிழமை சரவணம்பட்டி பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, ராஜினாமா பேப்பர் போட்டுட்டு தனியா கன்சல்டிங் பண்ணலாம்னு இருக்கேன்" என்று சொன்னாய். நல்லதுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. உன்னைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் இன்னும் நாலு பேருக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன்.

உன் வேலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. டேட்டாபேஸ் திணறினால் எந்தக் குவெரியில் கை வைக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் பணம் என்று பேச்சு வந்ததும் நீ டீ கிளாஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கப் போகிறாய் என்றதற்கு, "அவங்க என்ன தர்றாங்களோ, பார்த்துக்கலாம்க்கா" என்றாய். அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. 2018இல் தனியாக வந்த புதிதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலை செய்தேன். பீஸ் ரேட் கூலி போடும் சாஃப்ட்வேரைப் புது சர்வருக்கு மாற்ற வேண்டும். அங்கே சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும், கணக்கு அரை மணி நேரம் தாமதித்தாலும் வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். இரண்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் மாற்றி முடித்தேன். பில் 2,00,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,000. கம்பெனியில் கேட்கிறார்களே என்று நானாகவே ஜி.எஸ்.டி. பதிவும் எடுத்திருந்தேன்.

பில் போட்டதோடு சரி, பணம் வரவில்லை. ஆனால் பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.யைக் கட்டியாக வேண்டும். அந்த 36,000 ரூபாய்க்கு என் வளையலை அடகு வைத்தேன். அப்போதுகூட அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பெரிய இடம், அவர்களாகவே தருவார்கள், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நாலு மாதம் ஓட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் வேறு வேலையாகத் திருப்பூர் போனபோது, மனதைத் திடப்படுத்திக்கொண்டு அக்கவுண்ட்ஸ் அறைக்குள் போனேன். வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் மேஜையின் கீழ்த் தட்டை இழுத்து, கிளிப் போட்ட கட்டிலிருந்து என் பில்லை எடுத்தார். மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. "ஏங்கண்ணு, பி.ஓ. நம்பர் போடாம பில்லு குடுத்தா எப்படி என்ட்ரி போடறது? ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார். பி.ஓ. என்றால் வேலைக்காகக் கம்பெனி கொடுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர். பேனாவைக் கொடுத்து எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று விரலால் காட்டினார். ஒன்பதாவது நாள், ஜி.எஸ்.டி. சேராத தொகையில் 10 சதவீத டி.டி.எஸ். (வருமான வரிக்காக அவர்களே பிடித்துக்கொள்வது) போக 2,16,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது.

அன்றிலிருந்து பில் அனுப்பிய மூன்றாம் நாள் போன் செய்துவிடுவேன். "பில் கிடைத்ததா, என்ட்ரி போட்டாச்சா, ஏதாவது குறை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கேட்பதற்கு உனக்குச் சட்டமும் துணை இருக்கிறது. சிறு தொழில்களைப் பதிவு செய்யும் உத்யம் என்ற அரசுத் தளத்தில் உன்னைக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் உன் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கெடு தாண்டிய பாக்கியை, உனக்குக் கொடுக்கும் வரை வாடிக்கையாளர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதம் வந்தால் அவர்களுடைய ஆடிட்டரே உனக்காகப் பேசுவார். பில்லில் உத்யம் எண்ணை மறக்காமல் போடு.

சரி, எவ்வளவு கேட்பது? உன் சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வேலை நாள் 240 என்றால் நாளுக்கு 5,000 வருகிறது. பலர் இந்த எண்ணைத்தான் சொல்லிவிட்டு வருகிறார்கள், ஆறு மாதத்தில் மூச்சுத் திணறிப் பழைய வேலைக்கே திரும்புகிறார்கள். தனியாக இருக்கும்போது 240 நாளும் பில் போட முடியாது. வாடிக்கையாளரைத் தேடுவது, கொட்டேஷன் எழுதுவது, ஜி.எஸ்.டி. தாக்கல், புதிதாகக் கற்பது, உடம்பு முடியாத நாள் எல்லாம் போக, என் அனுபவத்தில் 140 நாள் கிடைத்தாலே நல்ல ஆண்டு. கம்பெனி போட்டுக்கொண்டிருந்த பி.எஃப்., இன்சூரன்ஸ், லேப்டாப், கிளவுட் செலவு எல்லாம் இனி உன்னுடையது. அதற்கு மூன்று லட்சத்து சொச்சம் சேர்த்து 15,40,000 என்று வை. 140ஆல் வகுத்தால் 11,000. இதுதான் உன் இன்றைய நிலைமையை அப்படியே காப்பாற்றும் தொகை. இதைச் சொல்லும்போது அதிகம் கேட்கிறோமே என்று உனக்குத் தோன்றும். கணக்கை ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டி வை.

அடுத்தது, "ஒரு சின்ன மாற்றம்தான் மேடம்". இதை வாரா வாரம் கேட்பாய். முடியாது என்று சொல்ல வேண்டாம். "செய்யலாம் சார், ஒன்றரை நாள் ஆகும், மெயில் போடுகிறேன், ஓகே என்று பதில் அனுப்புங்கள்" என்று சொல். பாதி மாற்றங்கள் அந்த மெயிலோடு நின்றுவிடும், மீதிக்குப் பணம் வரும். நீ எழுதும் புரோகிராம் கோடின் உரிமையும் உன் கையில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி சம்பள ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சேரும். தனியாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தவருக்கு அப்படி இல்லை, எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் போகும். அதனால் முழுத்தொகையும் வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வரி விஷயம் நீ பயப்படும் அளவுக்கு இல்லை. உன்னைப் போல் தனித்தொழில் செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்று எல்லோரும் சொல்லும் வருமான வரி முறையில், வந்த தொகையில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டினால் போதும். ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் 75 லட்சம் வரை இந்த வழி உண்டு. முன்வரியை (ஆண்டு முடியும் முன்பே கட்டும் வருமான வரியை) மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் வேலை கிடைத்தால் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஜி.எஸ்.டி. துறைக்குக் கொடுத்துவிட்டு ஜி.எஸ்.டி. இல்லாமலே பில் போடலாம், அதை நிதியாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மற்றதை ஆடிட்டரிடம் விட்டுவிடு.

வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை இரண்டு. அம்மாவுக்கு சர்க்கரை இருக்கிறது, நீ வேலையை விட்டதும் கம்பெனி இன்சூரன்ஸ் நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் புது பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம் என்பதால் இன்றைக்கே எடு. வீட்டுக் கடன் யோசனை இருந்தால் அதையும் இப்போதே கேள். தனித்தொழில் என்றால் வங்கி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரி ரிட்டர்ன் கேட்கும், பாதியை லாபமாகக் காட்டியிருந்தால் அதிலும் பாதி வருமானம்தான் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கொட்டேஷனை எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. தொகையை என் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். சொல்லிவிட்டுச் சும்மா இரு, "கொஞ்சம் குறைச்சுக்கலாம்க்கா" என்று நீயே சேர்க்காதே. நாலைந்து முறை சொன்னால் குரல் பழகிவிடும். அப்புறம் திங்கட்கிழமை போய் பேப்பர் போடு.

அன்புடன்,
அக்கா